தோட்டத்தின் பிறந்தநாளும் பூட்டிய கணக்கும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சுருளிப்பட்டியில் ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த சமயம் அது. அப்போது எனக்கு எழுபத்தொரு வயது. என் சமூக வலைதளக் கணக்கோ எனக்கு ஒன்பது வயது என்று முடிவுகட்டிவிட்டது.

தவறு என்னுடையதுதான். திராட்சைக் கொடியைக் கவாத்து செய்து கிளை வெட்டிய நாளிலிருந்து அறுவடை வரை நாங்கள் நாள் எண்ணுவோம். எத்தனையாவது நாள், என்ன மழை, எந்த மருந்து என்று ஆறு வருடங்களாகப் படத்தோடு அந்தக் கணக்கில் பதிந்து வந்தேன். மொத்தம் 1,312 பதிவுகள். தனியாக நோட்டு எதுவும் இல்லை. கொடி நட்ட நாளில் தோட்டத்துக்கு நாலு பேர் வாழ்த்துச் சொல்லட்டுமே என்று, என் பிறந்த தேதியை எடுத்துவிட்டு ஒன்பது வருடங்களுக்கு முன் நட்ட தேதியைப் போட்டேன். மறு நிமிடமே பூட்டிவிட்டார்கள். பதின்மூன்று வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லையாம். முப்பது நாட்களுக்குள் வயதை நிரூபிக்காவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்றது அறிவிப்பு.

என் மனைவி சிரித்தாள். "ஒம்பது வயசுப் பிள்ளைக்கு எதுக்கு பிரஷர் மாத்திரை? பாலைக் குடிச்சிட்டுப் படுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆதாரை அனுப்பினேன். அதில் பிறந்த வருடம் மட்டுமே இருந்ததால் இரண்டாம் நாளே நிராகரித்தார்கள். முழுத் தேதி பான் கார்டில் இருந்தது. ஆனால் அது எவன் கையில் சிக்குமோ என்ற பயத்தில் பதினெட்டு நாட்களைக் கடத்தினேன்.

இருபத்தோராம் நாள் பக்கத்துத் தோட்டக்காரப் பெண் நனைந்தபடி வந்தார். கையில், அடியில் வெள்ளை படர்ந்த ஓர் இலை.

"அண்ணே, போன வருசம் அடிச்சாம்பல் நோய் வந்தப்ப எந்த மருந்துக்குப் பொறகு எதை அடிச்சீக? போன்ல தேடுனா ஒங்க தோட்டத்தையே காணோம். எங்க வீட்டுக்காரரு அதைப் பாத்துத்தான் மருந்து கலக்குவாக."

எனக்கு நினைவில்லை. என் பந்தலிலும் மூன்று வரிசைகளில் அதே வெள்ளை. என் பதிவுகளை ஐந்தாறு பேருக்கு மேல் விரும்பியதில்லை. அந்த ஐந்தாறில் இவர்கள் பெயரை நான் பார்த்ததே இல்லை.

"ஊரே கேக்குது. இன்னும் என்ன யோசனை, அனுப்பித் தொலைங்க" என்றாள் மனைவி.

எழுத்து மங்கலாக விழுந்ததால் பான் கார்டை ஐந்து முறை படமெடுத்து, கடைசியை அனுப்பினேன். இருபத்துநான்காம் நாள் காலை ஆறு நாற்பதுக்குக் கணக்கு திறந்தது. பதிவுகள் குறைந்திருக்கின்றனவா என்றுகூடப் பார்க்காமல், போன வருடம் நோய் வந்த பதிவைத் தேடி முப்பத்தெட்டாம் நாளுக்குப் போனேன். முதல் மருந்து, ஆறு நாள் இடைவெளி, பிறகு இரண்டாவது. எல்லாம் அப்படியே இருந்தது. வேலி ஓரம் நின்று சத்தமாக வாசித்தேன், அந்தப் பெண் எழுதிக்கொண்டார். மழை விட்டதும் இரண்டு தோட்டத்திலும் ஒரே நேரத்தில் மருந்தடித்தோம். நோய் அந்த மூன்று வரிசைகளைத் தாண்டவில்லை. அந்த அறுவடையில் எங்கள் இருவர் பழமும் ஒரே லாரியில் கேரளாவுக்குப் போனது.

நான் எனக்காக எழுதிவந்ததை நம்பி, என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஒரு குடும்பம் வெள்ளாமை செய்து வந்திருக்கிறது என்பது, அந்தப் பூட்டு விழாமல் இருந்திருந்தால் எனக்குக் கடைசிவரை தெரிந்தே இருக்காது.