தவராசா சொன்னது

இன்று சுன்னாகம் சந்தையில், என்னோடு படித்த தவராசாவைக் கண்டேன். வெங்காயத் தோட்டம் செய்கிறவன். வெளிநாட்டு வெங்காயத்தை அரசாங்கம் நிறுத்த வேண்டும் என்று நெடுநேரம் கதைத்தான். அவன் முடித்ததும் நான் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். வாங்குவதும் விற்பதும் அவரவர் சுதந்திரம், அரசாங்கம் அதில் கை வைக்கக்கூடாது என்றேன்.

முழுவதையும் கேட்டான்.

"விளங்குது மச்சான். மலிவா வாங்கிறது ஏழையின்ரை உரிமை, அதை ஆரும் பறிக்கக்கூடாது எண்டுறாய். சரியோ?"

"ஓமடா." என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டான்.

"இப்ப நான் சொன்னதை நீ ஒருக்காச் சொல்லு."

"வெளிநாட்டு வெங்காயத்தை நிறுத்தவேணும் எண்டாய்" என்றேன். அவ்வளவுதான் நினைவிருந்தது. அவன் கதைத்த நேரமெல்லாம் நான் என் பதிலைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இனி வெங்காயம் நட மாட்டன், காணியை விக்கப்போறன் எண்டும் சொன்னனான்" என்றுவிட்டுப் போய்விட்டான்.

என் கருத்தை மறுப்பவர்கள் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். நான் ஒழுங்காக வாசிப்பேன் என்று மட்டும் நம்பவேண்டாம்.