அவள் ஏன் சாலையைக் கடந்தாள்

நான் பொய் சொன்னேன். ஒருத்தியின் கணவன் என் எதிரே வந்து நின்று, அவளை எனக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றேன். தெரியும்! அந்தச் சீமையில் எனக்குத் தெரிந்தவள் என்று அவள் ஒருத்திதான் இருந்தாள்.

என்னை அறிந்த எவரிடமும் இதுவரை இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர் என்பதால்தானோ என்னவோ...

சாலைச் சந்திப்புகளில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. பார்ப்பது விபத்துகளை அல்ல, நடக்கவிருந்து நடக்காமல் போனவற்றை. லாரி ஒன்று திடீரென்று பிரேக் போடும். பைக்கில் வருபவன் வளைத்து ஒதுங்குவான். காலை எடுத்து வைத்த பெரியவர் பின்னால் தாவுவார். யாருக்கும் அடி இருக்காது. ஒருவரையொருவர் ஏசிவிட்டுப் போய்விடுவார்கள். நான் அதைக் குறித்துக்கொள்வேன். இப்படி மயிரிழையில் தப்புவது எங்கே அதிகமோ, அங்கே ஒருநாள் எவரோ ஒருவர் தப்பப்போவதில்லை. ஓர் உயிர் போகும்வரை காத்திராமல் அந்த இடத்தைச் சீர்செய்துவிடலாம். நல்ல வேலைதான். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.

அதற்கு ஒரு விதி உண்டு. பார்ப்பவரை எவரும் கவனிக்கக் கூடாது. ஆள் உட்கார்ந்து கணக்கெடுப்பது தெரிந்துவிட்டால் வண்டிகள் வேகம் குறையும், மனிதர்கள் நல்லவர்களாகிவிடுவார்கள், கணக்கு பொய்த்துவிடும். ஆகவே பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப்போல் இருக்க வேண்டும். எனக்கு அது எளிதாக வந்தது. கணவனைப் பிரிந்து, பெற்றவர்களும் போய்ச் சேர்ந்தபின், எவர் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் என் வாழ்க்கையாகவே இருந்தது.

அந்த ஆண்டு எனக்குக் கிடைத்த இடம் ஆமத்தூரைத் தாண்டி, சிவகாசிச் சாலையிலிருந்து ஒரு கிராமத்துக்குப் பாதை பிரியும் முக்கு. பாதைக்கு எதிர்ப்புறம் ஒரு புளியமரம், மரத்தை ஒட்டி ஒரு பங்க்சர் கடை. மரத்தடியில் நான். விருதுநகரில் வாடகை அறை. காலையில் பூட்டிவிட்டு வந்தால் சாயங்காலம் திறக்கும்வரை கண்டக்டரிடம் ஊர்ப்பெயர் சொல்வதைத் தவிர எனக்குப் பேச்சே இருக்காது. எத்தனை முகங்கள் என்னைக் கடந்து போயின... ஒன்றும் என் பக்கம் திரும்பியதில்லை.

அவள் திரும்பினாள்.

முத்துமாரி. எம். புதுப்பட்டி என்ற ஊருக்குப் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை. தீபாவளி சீசன். சாயங்காலம் கம்பெனி வேன் பெண்களைக் கிராமத்துப் பாதை ஓரத்தில் இறக்கிவிடும். எல்லாரும் அப்படியே ஊருக்குள் நடந்துவிடுவார்கள். சாலையைக் கடக்கவேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை. ஒருநாள் அவள் மட்டும் கடந்து வந்தாள். கை முழுவதும் மருந்துப் பொடியின் வெள்ளி நிறம்.

"டெய்லி இங்கனயே உக்காந்திருக்கீகளேக்கா. மத்தியானம் சாப்பிட்டீகளா, இல்லையா?"

நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. சாப்பிட்டேன் என்றேன்.

அன்றிலிருந்து பெரும்பாலான நாட்கள் வந்தாள். தூக்குவாளியில் மீந்த புளிச்சோறோ, ஒரு பிடி வேர்க்கடலையோ கொண்டுவருவாள். கொஞ்ச நேரம்தான் நிற்பாள். போர்மேனின் சிடுசிடுப்பு, தன் பல்வலி, கணவன் கருப்பசாமி லோடு ஏற்றப் போன இடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டது என்று எதையாவது பேசுவாள். நான் என்ன செய்கிறேன் என்பதை அவளிடம் மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு, வெளியே எவரிடமும் சொல்லிவிடாதே, என் வேலைக்கு ஆபத்து என்றும் கேட்டுக்கொண்டேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். கூட வந்த பெண்களிடம், சைக்கிள் டியூபுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று ஏதோ சொல்லி அனுப்பிவிடுவாள்.

இப்போது நீங்கள் கேட்கலாம்: அந்தச் சாலை எவ்வளவு ஆபத்தானது என்று அறிந்தவள் நீதானே, கடக்காதே என்று அவளிடம் சொன்னாயா?

சொல்லவில்லை.

நின்றிருக்கும் வேனுக்குப் பின்னாலிருந்து அவள் வெளிப்படும்போது, வேனை முந்திக்கொண்டு வரும் வண்டிக்கு அவள் தெரியமாட்டாள். அது எனக்குத் தெரியும். ஒருமுறை ஒரு மினி லாரி அவள் சேலை முந்தானை உரசும் தூரத்தில் வந்து நின்றது. அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். நானும் சிரித்தேன். அன்றாவது, நீ அங்கேயே நில், நான் அந்தப் பக்கம் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கம் போனால் ஊர்ப் பெண்கள் பார்ப்பார்கள், விசாரிப்பார்கள், விதி கெடும்... வரவே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். சொன்னால் வரமாட்டாளே! அந்தப் பயம் எனக்கு.

மேகம் கட்டியிருந்த ஒரு சாயங்காலம் அவள் தப்பவில்லை. வேனை முந்திக்கொண்டு ஒரு பைக் வந்தது. அவளுக்கு முன்னே நான் அதைப் பார்த்தேன். கத்தியிருக்க வேண்டும். என் கை பேனாவைத் தேடியது... இதை எழுதும்போதும் அந்தக் கையை வெட்டி எறியத் தோன்றுகிறது.

பெண்கள் ஓடிவந்தார்கள். அதே வேனில் தூக்கிப் போட்டுச் சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன், பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப்போல.

உயிருக்கு ஆபத்தில்லை, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று மறுநாள் காலை பங்க்சர் கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். சற்று நேரத்தில் என்னை வேலைக்கு வைத்திருந்த அதிகாரி காரில் வந்து இறங்கினார். விபத்து நடந்த இடத்தைப் பார்த்தார். இத்தனை நாள் இங்கே இருந்தும் ஒருவர் கண்ணிலும் படாமல் வேலை பார்த்திருக்கிறீர்கள், உங்களைப்போல் ஆள் கிடைப்பது அரிது என்று பாராட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கருப்பசாமி வந்தான். மொபெட்டை நிறுத்திவிட்டு நேரே என்னிடம் வந்தான். உறங்காத கண்கள்.

"மேடம், எம் பொண்டாட்டி ஒங்களப் பாக்கத்தேன் ரோட்டத் தாண்டி வருவேங்கிறா. நெசமா?"

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார்.

"இல்லையே... எனக்கு அவங்களைத் தெரியாது."

எவ்வளவு இயல்பாக வந்தது! கருப்பசாமி என்னை ஏசவில்லை. மெல்லத் திரும்பி, டயரைக் கழற்றிக்கொண்டிருந்த பங்க்சர் கடைக்காரரைப் பார்த்தான். தனியாகக் கடை நடத்தும் இளவயசுக்காரர். அவனுடைய பார்வை அங்கேயே நின்றது. அது எங்கே போகிறது என்பது அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்க அப்போதும் நேரம் இருந்தது. அவன் மொபெட்டைத் தள்ளி, மிதித்து, கிளப்பிப் போகும்வரை நேரம் இருந்தது.

பங்க்சர் கடைக்காரர் எல்லாம் அறிந்தவர். தினமும் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு வேலை பார்த்தவர். அவர் சொன்னால் எவன் நம்புவான்? டியூபுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தக் கடைக்குத்தான் அவள் தினமும் போனாள் என்று ஊரே பேசத் தொடங்கிவிட்டது. சில நாட்களில் அவர் கம்ப்ரசரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஏற்றும்போது என்னை ஒருமுறை பார்த்தார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் வேலை அல்லவா!

என் வேலை முடிந்தது. எங்கள் அறிக்கையின்படி அங்கே வேகத்தடை போட்டார்கள், வேன் நிற்கும் இடத்தை மாற்றினார்கள். அந்த முக்கில் இப்போது பயமின்றிக் கடக்கலாம். இதைச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ளப் பலமுறை முயன்றிருக்கிறேன். தேறவில்லை.

அடுத்த சீசன் வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கிராமத்துக்குப் போனேன். கருப்பசாமி வாசலில் உட்கார்ந்திருந்தான். முத்துமாரி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவே இல்லை, சாத்தூர்ப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள் அக்கம்பக்கத்தார். நான் நடந்த எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். அவன் பொறுமையாகத்தான் கேட்டான்.

"அன்னைக்குத் தெரியாதுன்னீக. இன்னைக்குத் தெரியுங்கிறீக. எத நம்ப? அவதேன் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டாளா?"

உண்மைக்கும் ஒரு பருவம் உண்டு போலும். அது கடந்தபின் சொன்னால் பொய்யைவிடக் கேவலமாக ஒலிக்கிறது.

அங்கிருந்து சாத்தூர் போனேன். இருக்கன்குடிக் கோயிலுக்குப் போகும் பஸ் கூட்டத்தில் நெரிபட்டு, பாதிவழியில் இறங்கி, விசாரித்து அந்த அண்ணன் வீட்டைக் கண்டுபிடித்தேன். ஒரு காலை நீட்டியபடி உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனிக்கு இனி அவளால் போக முடியாது. உள்ளே இருந்த அண்ணி, வந்திருப்பது யார் என்று கேட்டதற்கு, ரோட்டுல கணக்கெடுக்குறவுக என்று மட்டும் பதில் சொன்னாள்.

அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அதிகாரி நின்றிருந்ததை, எனக்கிருந்த பயத்தை, கருப்பசாமியிடம் இப்போது போய் வந்ததை எல்லாம் சொன்னேன். மன்னித்துவிடு என்றும் சொன்னேன். பசையைத் தடவிக்கொண்டே கேட்டாள். ஒட்டிய அட்டையை ஓரமாக வைத்தாள்.

"அவர ஒங்ககிட்ட அனுப்புனதே நாந்தேன்க்கா. போயிக் கேளுங்க, அந்த அக்கா சொல்லுவாகன்னு அனுப்பிவிட்டேன். அவரு திரும்பி வார வரைக்கும் ஆசுபத்திரில நிம்மதியா படுத்திருந்தேன்."

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. அடுத்த அட்டையை எடுத்தாள்.

நான் எழுந்தேன். யாராக இருந்தாலும், வீட்டுக்கு வந்தவர் கிளம்பும்போது போயிட்டு வாங்க என்பது நம் வழக்கம் அல்லவா... அதை அவள் சொல்லமாட்டாளா என்று, செருப்பை மாட்டிய பிறகும் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே அட்டை மடிக்கும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.