கட்டி விழுந்த ஷீட்

சிங்காநல்லூரில் என் மனைவியின் தம்பி தண்ணீர் வடிகட்டும் சவ்வு செய்கிற பட்டறை வைத்திருக்கிறான். நாங்கள் ஷீட் என்போம். நான் அங்கே கலவை போட்டேன். மனைவி பேக்கிங்கில் இருந்தாள். வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு நான் தலைநிமிர்ந்து நின்ற ஒரே இடம் அந்தக் கலவை மேசைதான்.

மாவு போன்ற வெள்ளைப் பொடியை முதலில் சால்வென்ட் என்கிற கரைப்பானில் போட்டு, அதிர்கிற மெஷினில் அரை நாள் வைக்க வேண்டும். கட்டியெல்லாம் உடைந்து பால்போல் ஆன பிறகு பிளாஸ்டிக் குருணையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, நுரை அடங்கியதும் கண்ணாடிமேல் மெல்லிசாக இழுத்து, தண்ணீரில் முக்கினால் சவ்வாக உறையும். அப்படியில்லாமல், குருணை கரைந்து கூழான பிறகு பொடியைக் கொட்டினால் அது கட்டியாகவே நிற்கும். உறையும்போது ஒவ்வொரு கட்டியைச் சுற்றியும் சவ்வு ஒட்டாமல் விட்டுப்போகும். அந்தச் சந்தில் அழுக்கு இறங்கிவிடும்.

அன்று ஆர்டர் கொடுப்பவர் வருவதாக இருந்தது. சாம்பிள் தயாராகவில்லை.

"மெஷினெல்லாம் வேண்டாங்க மாமா. கூழ்லயே கொட்டிக் கலக்கிப்போடுங்க," என்றான் மச்சினன்.

நான் தயங்கினேன். பக்கத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த மனைவி, "தம்பி சொன்னதச் செய்யுங்க," என்றாள். செய்தேன்.

வந்தவர் ஷீட்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். அம்மை போட்டதுபோல் உடம்பெல்லாம் புள்ளி. கலங்கல் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். கீழேயும் கலங்கலாகவே சொட்டியது.

மச்சினன் என்னைக் கூப்பிட்டான். குரலில் மரியாதைக்குக் குறைவே இல்லை.

"ஏனுங்க மாமா, பொடிய நேராக் கொட்டிப்போட்டீங்களாட்ட இருக்குதுங்க? எத்தன தடவைங்க சொல்றது?"

மனைவியைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அட நீ ஒண்ணு தம்பி. ஊட்டுல ரவையவே கட்டியில்லாமக் கிண்டத் தெரியாது அவருக்கு. அவரப் போயி இங்க நிறுத்திவச்சயே," என்றாள்.

வந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். பட்டறையே சிரித்தது. "ஆளை மாத்திப்போட்டு இன்னொரு சாம்பிள் காட்டுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் என் மேசையில் மனைவி நின்றாள். அவளுக்கு மெஷினும் கிடைத்தது, அரை நாள் அவகாசமும் கிடைத்தது. ஷீட் பாலாடைபோல் வந்தது. ஆர்டரும் வந்தது. என்னை வாசல் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள்.

வீட்டில் ஒருநாள் சாப்பிடும்போது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டுவிட்டேன்.

"தம்பி மேல தப்புன்னா பட்டறை பேரு கெட்டுப்போகுமுங்க. உங்க பேரு கெட்டா ஆருக்கு என்னங்க நட்டம்?" என்றாள். "கொழம்பு ஊத்தட்டுங்களா?"