சிவப்புக் கிளியைக் கைவிட்டு ஓடியவர்கள்

எனக்குப் பெண் பார்க்கத் தாயில்பட்டிக்குப் போனபோது, கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் என் அம்மா ஒன்றுவிடாமல் கேட்டார். பெண்ணுக்குக் கார் பந்தயம் ஓட்டும் பழக்கம் உண்டா என்று மட்டும் கேட்கவில்லை. யாருக்குத்தான் கேட்கத் தோன்றும்? கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்குப் போனேன். சாப்பாடு முடிந்த கையோடு மாமனார் என்னை வொர்க்‌ஷாப்புக்கு அழைத்துப் போனார். உள்ளே தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஏதோ நின்றது. கோயிலில் திரை விலக்குகிற பவ்யத்தோடு அதை விலக்கினார்.

எண்ணூறு சிசி சின்னக் கார். என் மனைவியைவிட நாலைந்து வயதுதான் இளையது. உடம்பெல்லாம் கிளிகள். சொந்தத்தில் ஒருவர் அச்சகம் வைத்திருந்தார். மத்தாப்புப் பெட்டிக்கு அவர் அடித்த லேபிளில் பச்சைக் கிளி எப்படியோ சிவப்பாக விழுந்துவிட, கம்பெனிக்காரர்கள் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமா அத்தனையையும் வாங்கிவந்து காரில் ஒட்டி மேலே வார்னிஷ் அடித்துவிட்டார். டீமின் சின்னம் என்று என்னிடம் சொன்னார். துருவை மறைக்கத்தான் என்று மனைவி பிறகு சொன்னாள். ஆக, நான் சிவப்புக் கிளி டீமின் மருமகன் ஆனேன்.

டீம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மாமா மெக்கானிக். என் மனைவியின் தம்பி வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை பார்ப்பவன். முப்பது வயது, லீவு நாளில் சக்கரம் மாட்டுவான். அத்தை இருபத்தைந்து வருடம் பட்டாசு கம்பெனியில் இருந்து, கடைசியில் முப்பது பெண்களுக்கு மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். பந்தயத்துக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு வருவார். ஓட்டுவது என் மனைவி. ஐந்தாவது ஆள் நான், விருதுநகர்க்காரன், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். எனக்கு ஸ்டாப் வாட்ச் கொடுத்தார்கள். வேறு எதையும் என்னை நம்பிக் கொடுக்கவில்லை.

முதலில் மாமாதான் ஓட்டினாராம். ஆனால் இளவயதில் பட்டாசு லோடு வண்டி ஓட்டிய உடம்பு. வேகத்தடையைக் கண்டால் வண்டியைத் தொட்டிலில் பிள்ளையை இறக்குவதுபோல் இறக்குவார். பந்தயத் தடத்தில் வேகத்தடை இல்லை என்பது அவர் காலுக்குத் தெரியவில்லை. அடுத்து மகன் உட்கார்ந்தான். அவன் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தான். கடைசியில், அச்சகத்துக்குப் பேப்பர் லோடு ஓட்டிக்கொண்டிருந்த மகளை உட்கார வைத்தார்கள். பேப்பர் வெடிக்காது, அதனால் அவள் வேகமாக ஓட்டிப் பழகியிருந்தாள்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஓர் ஓடுதளத்தில் வருடத்துக்கு ஒருமுறை பழைய கார்களுக்குப் பந்தயம் நடக்கும். ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டும். நடுவில் ஒருமுறை கட்டாயம் உள்ளே வந்து, எஞ்சினை அணைத்து, ஒரு சக்கரத்தையாவது கழற்றி மாட்டிவிட்டுப் போக வேண்டும். முதலில் வந்தவர் ஓடிய சுற்றில் முக்கால் பங்காவது ஓடியிருந்தால்தான் முடிவுப் பட்டியலில் பெயர் வரும். என் மனைவிக்குக் கோப்பை ஆசையெல்லாம் கிடையாது. தன் காரின் லட்சணம் அவளுக்குத் தெரியும். தகவல் பலகையில் ஒட்டும் அந்தத் தாளில் கடைசி வரியிலாவது தன் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு வருடமும் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ குறைந்து, பெயர் வராமலே வீடு திரும்பினாள். திரும்பும் வழியில் யாரோடும் பேச மாட்டாள். புளியோதரை அப்படியே மிஞ்சும்.

குறைந்ததற்குக் காரணம் அந்தச் சத்தம்.

சூடான எஞ்சினை அணைத்ததும் இரண்டு குலுக்குக் குலுக்கும். சைலன்சருக்குள் தேங்கிய பெட்ரோல் ஆவி பற்றி, டமார் என்று ஒரு வெடி வெடிக்கும். மாமாவால் அதைச் சரிசெய்ய முடியவில்லை. சத்தத்தை எடுத்தால் வேகமும் போய்விடும் என்று சமாதானம் சொல்வார். இருந்த வேகம் எது என்று நான் கேட்கவில்லை, மரியாதை கருதி.

நான் போன முதல் பந்தயத்தில் அவள் உள்ளே வந்து எஞ்சினை அணைத்தாள். டமார். நான் ஸ்டாப் வாட்சிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் ஈ காக்கை இல்லை. ஜாக்கி ஒரு பக்கம் உருண்டு கிடக்கிறது. எழுபதடி தள்ளி வேலி ஓரத்தில் மாமா, அத்தை, மைத்துனன் மூன்று பேரும் மூச்சு வாங்க நிற்கிறார்கள். பக்கத்து டீம்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நானோ காரின் ஜன்னலில் சாய்ந்து, எரியாத பெட்ரோல் எப்படிச் சைலன்சரில் எரிகிறது என்று மனைவிக்கு விளக்க ஆரம்பித்திருந்தேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவள் பார்த்த பார்வையை இன்றுவரை மறக்கவில்லை.

ஓடியது மட்டும் என்றால் அரை நிமிடத்தில் திரும்பிவிடலாம். ஆனால் வேலியோரம் அத்தை எண்ணத் தொடங்கிவிடுவார். தன் நெஞ்சைத் தொட்டு ஒன்று, மாமாவைத் தொட்டு இரண்டு, மகனைத் தொட்டு மூன்று. எண்ணிக்கை முடியாமல் யாரும் ஓரடி எடுத்துவைக்கக் கூடாது. அவர் மட்டும் தனியாகக் காருக்கு நடந்து வந்து, என் தோளைத் தொட்டு நாலு, மகளின் ஹெல்மெட்டைத் தொட்டு ஐந்து என்று சொல்லி, பிறகுதான் கையைக் காட்டி மற்றவர்களைக் கூப்பிடுவார். அதற்குள் மூன்று நிமிடம் போயிருக்கும்.

அன்று திரும்பும்போது வேனில் அத்தை என்னிடம் சொன்னார்: "சத்தம் கேட்டா ஓடணும் மாப்ள. என்ன சத்தம்னு ஓடிப்போயி நின்னுக்கிட்டு யோசிக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மனைவி சொன்னதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. கம்பெனியில் எந்தச் சத்தம் கேட்டாலும் எல்லாரும் கேட் பக்கத்து வேப்பமரத்தடிக்கு ஓடிவிட வேண்டும், அத்தை தலையைத் தொட்டு எண்ணுவார். ஒரே ஒருநாள் அந்த எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரி செருகிக்கொண்டிருந்த பெண், பாதி தூரம் வந்தவள், டிபன் தூக்கை எடுக்கத் திரும்பிப் போயிருக்கிறாள். அதிலிருந்து அத்தைக்கு ஓடாதவர்களைக் கண்டால் ஆகாது. மருமகன் என்பதால் என்னைத் திட்ட முடியாமல் தவித்தார்.

இப்படியே ஆறு வருடம் போனது. ஆறாவது வருடம் ஒரே ஒரு சுற்றில் பெயர் தவறிப்போனது. அடுத்த வருடத்தோடு எங்களுடையதைப் போன்ற பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு இடமில்லை என்றும் அறிவித்துவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. மாமா கச்சை கட்டி இறங்கினார். மகனைச் சத்தத்துக்குப் பழக்குவது என்று முடிவு. அவனைச் சக்கரம் மாட்ட வைத்து, பின்னாலிருந்து ஒற்றை வெடியாகக் கொளுத்திப் போட்டார். முதல் நாள் அவன் ஸ்பானரோடு தெருமுனை வரைக்கும் போய்விட்டான். ஒரு வாரத்தில் வாசல் வரைக்கும். மூன்றாவது வாரம் தோள் மட்டும் ஒரு தரம் துள்ளியது. மாதம் முடிவதற்குள், காலடியில் வெடித்தாலும் கல்லாக உட்கார்ந்து நட்டு முடுக்கினான். மாமாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. எங்களுக்கும்தான். நானே கைதட்டினேன்.

அதற்குப் பிறகு, எனக்குப் பள்ளி விடுமுறையான ஒரு திங்கட்கிழமை, மைத்துனன் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டான். சட்டை முதுகில் உள்ளங்கை அகலம் கருகியிருந்தது. கம்பெனியில் பக்கத்து அறையில் மருந்து உராய்ந்து பிடித்துவிட்டதாம். அந்த அறை ஆட்கள் ஓடித் தப்பிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை.

"சத்தம் கேட்டதும் அக்கா வண்டிதான்னு நெனச்சுட்டேம்மா. ஒரு மூச்சு நேரம் அங்கனயே நின்னுட்டேன்," என்றான்.

மாமா தரையைப் பார்த்தார். கைதட்டிய என் கையை நான் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். அத்தை கத்துவார் என்று எதிர்பார்த்தோம், அவர் கத்தவில்லை. மகனின் முதுகைத் தடவிப் பார்த்தார். பிறகு வொர்க்‌ஷாப்புக்குப் போய் ஸ்பானரை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"இனி சக்கரம் நீங்கதான் மாப்ள. ஓடத் தெரியாத ஆளு இந்த வீட்டுல நீங்க ஒருத்தர்தான் இருக்கீக."

அன்றிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டு மாமா வீட்டுக்கு வந்ததும் சக்கரம் கழற்றுவதும் மாட்டுவதும்தான் என் வேலை. மைத்துனனை அத்தை வேறு மாதிரி பழக்கினார். எதிர்பாராத நேரத்தில் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கீழே போடுவார். அவன் சோற்றுக் கையோடு எழுந்து ஓட வேண்டும். நன்றாக ஓடினால் இன்னொரு முட்டை. பத்து நாளில் அவன் பழையபடி ஓடினான். நானும் தனியாளாக இரண்டு நிமிடத்துக்குள் சக்கரம் மாட்டத் தேறினேன். அந்த வருடம் ஆனைக்குட்டம் பக்கமிருந்து கனமாக ஒரு சத்தம் கேட்டபோது, தெருவே வெளியில் வந்து புகை எந்தத் திசையில் என்று வானத்தைப் பார்த்தது. நானும் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளோடு, எப்போது எழுந்து வந்தேன் என்றே தெரியாமல், தெருவில்தான் நின்றேன். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசிப் பந்தயம். பதினான்கு கார்கள். என் மனைவி வெறி பிடித்தவள்போல ஓட்டினாள். கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம்: உள்ளே வந்து இரண்டு நிமிடத்தில் வெளியே போனால் பெயர் வரும், மூன்றானால் வராது. மற்ற மூவரும் ஓடட்டும், எண்ணட்டும், நான் நின்று சக்கரத்தை மாட்டிவிடுவேன் என்று ஏற்பாடு. "உங்கள நம்பித்தான் இருக்கேன்," என்று காலையில் அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கார் உள்ளே வந்தது. நான் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஜாக்கியும் ஸ்பானருமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். அவள் எஞ்சினை அணைத்தாள். ஒரு குலுக்கு. இரண்டு குலுக்கு.

டமார்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, முகத்துக்கு நேரே வேலிக் கம்பி. கையில் ஸ்பானர். காலில் ஒரு செருப்பு. இடப்பக்கம் மாமா, வலப்பக்கம் மைத்துனன். இருவரும் என்னைப் பேய் முழி முழித்துப் பார்த்தார்கள். மூளை மெல்ல வந்து சேர்ந்தது. என்னை நம்பி உட்கார்ந்திருந்தவளை விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். அந்த ஒரு கணத்தில் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அடிக்க வேண்டிய இன்னொரு செருப்போ ஓடிய வழியில் எங்கேயோ தொலைந்திருந்தது.

அப்போது என் முதுகில் ஏதோ வந்து மோதியது. திரும்பினால் ஹெல்மெட்டோடு அவள்.

"நீங்களே ஓடுறீக. அப்ப இது நெசமாவே வெடிக்கப் போவுதுன்னு நெனச்சேன்," என்றாள், மூச்சு வாங்க.

அத்தை எண்ணினார். தன் நெஞ்சைத் தொட்டு ஒன்று. மாமா இரண்டு. மகன் மூன்று. என் தோளைத் தொட்டு நாலு. அந்தக் கை ஒரு நொடி கூடுதலாக என் தோளில் இருந்தது. மகளின் ஹெல்மெட்டில் கை வைத்து ஐந்து. இத்தனை வருடத்தில் வேலியோரத்தில் ஐந்து வந்தது அன்றைக்குத்தான். தேடிப் போக யாரும் மிச்சமில்லை. அத்தையின் கண் கலங்கியது. குரல் மட்டும் கம்பெனிக் குரல்.

"அஞ்சும் இருக்கு. போங்க."

ஐந்து பேரும் ஓடினோம். மாமா ஜாக்கி போட்டார். நான் நட்டைக் கழற்ற, மைத்துனன் புதுச் சக்கரத்தைத் தூக்கிக் கொடுத்தான். அத்தை ஜன்னல் வழியாக மகளுக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டார். கார் கிளம்பியபோது கழுத்தில் தொங்கிய ஸ்டாப் வாட்சைப் பார்த்தேன். ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. ஓடிப் போய், எண்ணி, திரும்பி வந்தது உட்பட. சிவப்புக் கிளியின் சரித்திரத்தில் அதைவிட வேகமாக நாங்கள் எதையும் செய்ததில்லை. பக்கத்து டீம்காரர்கள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. இது ஏதோ புது உத்தி என்று நினைத்திருப்பார்கள்.

சாயங்காலம் தகவல் பலகையில் தாளை ஒட்டினார்கள். பன்னிரண்டு பெயர். பன்னிரண்டாவது என் மனைவி. அவள் அந்தக் கடைசி வரியை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். மாமா அதைப் படமெடுத்து சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினார். மைத்துனன் புளியோதரையைப் பிரித்துவிட்டான்.

அத்தை மட்டும் பலகையை விட்டு நகரவில்லை. மகளின் பெயர் எங்கே என்றுகூட அவர் பார்க்கவில்லை. மேலிருந்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்து எண்ணிக்கொண்டு வந்தார். பன்னிரண்டில் விரல் நின்றது. இன்னொரு தரம் எண்ணினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பதினாலு பேரு போனாகல்ல மாப்ள. மிச்ச ரெண்டு பேரு எங்க?"

எஞ்சின் கெட்டுப் பாதியில் நின்றிருப்பார்கள், ஒன்றும் ஆகியிருக்காது என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. வேனில் ஏற மாட்டேன் என்றார். ஒரு காலில் செருப்போடு நானும் அவரும் அந்த வளாகம் முழுக்கத் தேடினோம். ஒருத்தர் டீக்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். இன்னொருவர் தன் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வெளியே நீட்டியிருந்த அவர் காலை அத்தை குனிந்து தொட்டுப் பார்த்தார். பிறகுதான் வேனுக்கு வந்தார்.