பாவாயி அம்மாளின் பேரைச் சொல்கிறேன்

போன செவ்வாய்க்கிழமை முனிசிபாலிட்டி தண்டோராக்காரர் எங்கள் தெருவுக்கு வந்தார். "வெல்ல மண்டி ரங்கசாமி சம்சாரம் காலமாயிட்டாங்க. சாயங்காலம் ஆபீசில இரங்கல் கூட்டம்" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார். அடுப்படியில் இருந்த எனக்கு யார் செத்தது என்றே ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். இந்த ஊருக்குக் கவுன்சிலராக இருந்த மனுஷிக்கு ஒரு பேர் கிடையாதா?

அவர் பேர் பாவாயி. அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முனிசிபாலிட்டிக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் அப்போது ஒரு கருவேலங்காடு இருந்தது. பெண்கள் ஒதுங்குவது அங்கேதான். அந்நாள் சேர்மன் அதைப் பருத்திக் குடோன் கட்டத் தனக்கு வேண்டிய ஒருவருக்கு விட்டுவிட்டார். அதற்குப் பிறகு விடியும் முன் ஒரு தரம், இருட்டிய பின் ஒரு தரம் ரோட்டோரம் போக வேண்டும். நடுவில் பிள்ளைத்தாய்ச்சியானாலும் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். புருஷன் போனபின் மண்டியைத் தனியாக நடத்திவந்த பாவாயி அம்மாள், இதைக் கேட்பதற்காகவே எலக்‌ஷனில் நின்றார்.

வீட்டு வரி கட்டுகிறவர்களுக்குத்தான் அப்போது ஓட்டு. சீதனமாக வந்த வீடு என் பேரில் இருந்ததால் எனக்கும் உண்டு. போனேன். குமாஸ்தா லிஸ்ட்டைப் பிரித்து, "புருஷன் பேர் என்ன?" என்றார். நான் எப்படிச் சொல்வது? "திருச்செங்கோட்டு மலைமேல இருக்கற சாமி பேருங்க" என்றேன். "மலைமேல இருக்கற சாமியைக் கூட்டிக்கிட்டு வா தாயி, ஓட்டுத் தாரேன்" என்றார் அவர். கூட இருந்த ஆண்கள் சிரித்தார்கள். வாசலில் நின்ற சேர்மன், "புருஷன் பேர் சொல்ல வாய் வராதவங்களுக்கு ஓட்டு எதுக்கு?" என்றார். என்னைப் போலவே இன்னும் பல பெண்கள் திரும்பி வந்தோம். எங்களில் பாதிப் பேர் போட்டிருந்தால் பாவாயி அம்மாள் ஜெயித்திருப்பார். தோற்றார்.

மறுநாள் எங்களைத் திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டிருந்தோம். வந்தார். "உங்க மேல எனக்குக் கோபமில்லை சாமி. எந்த ஆம்பளைகிட்டயாவது பொண்டாட்டி பேரைக் கேட்டானா அந்த ஆளு?" என்றார். அன்றுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

அடுத்த எலக்‌ஷனில் எங்களை ஜோடி ஜோடியாக அனுப்பினார். எனக்கு ஜோடி பக்கத்து வீட்டு மைமூன். என் வீட்டுக்காரர் பேரை அவள் கணீரென்று சொன்னாள். அவள் வீட்டுக்காரர் பேரை நான் சொன்னேன். குமாஸ்தா எழுந்துவிட்டார். "அவங்கவங்க புருஷன் பேரை அவங்கவங்க சொல்லோணும்!" பாவாயி அம்மாள் அசையவில்லை. "லிஸ்ட்டில இருக்கற பேரும் இவங்க சொன்ன பேரும் ஒண்ணுதானுங்களே? அப்புறம் சீட்டைக் கொடுங்க" என்றார். கொடுத்தார்கள். ஜெயித்தார்.

முதல் கூட்டத்துக்கு நாங்களும் போய்ப் பின்னால் உட்கார்ந்தோம். பெண்களுக்குக் கக்கூஸ் கட்ட வேண்டும் என்று எழுந்து சொன்னார். "சபையில சொல்ற பேச்சாங்க இது?" என்றார் சேர்மன். "சொன்னா வெக்கமா? காலையிலிருந்து அடக்கிட்டு உக்காந்திருக்காங்களே உங்க ஊட்டுப் பொம்பளைங்க, அதுக்கு வெக்கப்படுங்க" என்றார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு கூட்டத்திலும் விடாமல் கேட்டார். கடைசியில் குடோனை ஒட்டிக் கூரையும் ஆள் உயரச் சுவருமாகக் கக்கூஸ் எழும்பியது. என் பேத்தி இன்றைக்கும் பட்டப்பகலில் தலை நிமிர்ந்து அங்கே போய் வருகிறாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரங்கல் தீர்மானம் வாசித்தார்கள். "ரங்கசாமி அவர்களின் தர்மபத்தினி பல நற்பணிகள் ஆற்றினார்." அவ்வளவுதான். என்ன நற்பணி? சொல்ல அவர்களுக்கு வாய் கூசிற்று. கட்டியவர் பேரும் இல்லை, கட்டியதன் பேரும் இல்லை. அவரை எதிர்த்துக் கை தூக்கியவர்களெல்லாம் முன் வரிசையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்கள்.

நான் எழுந்தேன். "அவங்க பேரு பாவாயிங்க. கட்டினது பொம்பளைங்க கக்கூசுங்க. ரெண்டையும் எழுதுங்க" என்றேன்.

புது சேர்மன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யார் சம்சாரம்ங்க?"

பழைய பழக்கம், மைமூன் சட்டென்று என் வீட்டுக்காரர் பேரைச் சொல்ல எழுந்தாள். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "என் பேரு நல்லம்மா. இந்த வார்டில எனக்கு ஓட்டு இருக்குது" என்றேன்.

பாவாயி அம்மாள் எனக்கு விட்டுப்போனது இந்த வாய்தான். குமாஸ்தா பேனாவை மையில் தொட்டு எழுத ஆரம்பித்தார். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். மேசை வரைக்கும் போய், எழுத்துச் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உட்கார்ந்தேன்.