இடது பக்கத்து ஸ்பீக்கர்

பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. திருச்சி, தஞ்சாவூர், பெரம்பலூர், அரியலூர் என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள். ரிட்டையர்டு இன்ஜினியர், பல் டாக்டர், ரைஸ்மில் முதலாளி, நடுவில் நான். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதை வாங்கினாலும் ஒரு மாதம் வைத்துக் கேட்டுவிட்டுத் தன் அனுபவத்தை எழுத வேண்டும். எழுதுவார்கள் பாருங்கள்! "பாடகி எழுந்து வந்து என் டீப்பாய் பக்கத்தில் நின்றார்" என்பார் ஒருவர். "மிருதங்கத்துத் தோலில் இருந்த ஈரம் தெரிந்தது" என்பார் இன்னொருவர். பெண்டாட்டி சமையலறையிலிருந்து பத்து தடவை கூப்பிட்டாலும் காதில் விழாத ஆட்களுக்கு மிருதங்கத்தில் ஈரம் கேட்கிறது.

நானும் ஒருமுறை எழுதினேன். அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை.

எனக்குப் பாட்டு என்பது சின்ன வயதிலிருந்தே தூரத்திலிருந்து வருவது. ஊருக்குள் திருவிழா நடக்கும், குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள், வயலைத் தாண்டி எங்கள் தெருவுக்குப் பாட்டு வரும். காற்று திசை மாறினால் பல்லவியோடு சரி, சரணம் வேறு ஊருக்குப் போய்விடும். இதை இனிய நினைவாகச் சொல்லவில்லை, எரிச்சலோடுதான் சொல்கிறேன். ஐம்பது வயதில் எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. தரையில் நிற்கிற பெரிய ஸ்பீக்கர் இரண்டை எதிரே வைத்து, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு பாட்டை முழுசாகக் கேட்க வேண்டும். அரசாங்க ஆபீசில் சூப்பரின்டெண்டென்ட் வேலை. பெரம்பலூரில் சொந்த வீடு. ஆசைப்படக்கூடாதா?

அரியலூரிலிருந்து செந்துறை போகிற சாலையில் ஒரு ஊர். அங்கிருந்து ஒரு பெரியவர், நிலபுலன் உள்ளவர், குழுவில் படம் போட்டிருந்தார். இடுப்பு உயரம், தேக்கு நிறம், முன்னால் கறுப்புத் துணி. பார்த்ததும் விழுந்துவிட்டேன். போனில் பேசினேன். "வாங்க சார், வந்து நல்லா உக்காந்து கேட்டுப்புட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க, அவசரமே இல்லீங்க" என்றார். ஸ்பீக்கரைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம். இப்படி ஒரு மனுஷனா என்று பூரித்துப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். என் சித்தப்பா மகன் லோடு வண்டி வைத்திருக்கிறான், ஊரில் குட்டியானை என்பார்களே, அது. என்னைவிட இரண்டு வயது இளையவன். வாடகை பேச்சே எடுக்காமல் வந்தான். வீட்டிலிருந்து மெத்தை, பழைய போர்வை, தலையணை எல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். வண்டியை வாசலுக்கு நேரே நிறுத்திவிட்டு அவன் அங்கேயே நின்றான். நான் மட்டும் போனேன்.

பெரியவர் போர்ட்டிகோவுக்கே வந்து கும்பிட்டார். ஹால் முழுக்கத் தெரிந்தது. எதிர்ச் சுவரில் இரண்டு ஸ்பீக்கரும், அவற்றுக்கு நடுவாக, கொஞ்சம் தள்ளி, ஒரு பிரம்பு நாற்காலி. நான் செருப்பைக் கழற்றினேன்.

"சாருக்குச் சொந்த ஊரே பெரம்பலூருதானுங்களா?"

"குரும்பலூர் பக்கம்ங்க."

"அட, நமக்குத் தெரிஞ்ச ஊருதான். ஊர்ல எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். நான் தெருவைச் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். "சரி சரி" என்று சிரித்தார். "போடறேன், கேளுங்க" என்று உள்ளே போனார்.

வராதே என்று அவர் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. நான் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது. பாட்டு வந்தது. வலது பக்கத்து ஸ்பீக்கர் வாசலுக்கு நேரே, இடது அந்தக் கோடியில். அவர் போய் அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தாளம் போட்டபடி, "எப்படி இருக்கு?" என்றார். "பிரமாதம்ங்க" என்றேன். மூன்று பாட்டு போட்டார். மூன்றையும் நின்றுகொண்டே கேட்டேன். ஆபீசில் என் மேஜைக்கு முன்னால் இவரைப்போல எத்தனை பேர் நின்றுகொண்டு பேசியிருக்கிறார்கள், "உக்காருங்க" என்று நான்தான் சொல்வேன். அங்கே எனக்குக் கால் எழும்பவில்லை. யார் தடுத்தது? இன்றைக்கும் அதை யோசித்தால் அவர்மேல் வருகிற கோபத்தைவிட என்மேல் வருகிற கோபம்தான் அதிகம்.

ஸ்பீக்கரை வெளியே கொண்டுவர நானும் தம்பியும் இருந்தோம். இரண்டு பேருக்கும் நல்ல உடம்பு. "நீங்க இருங்க, இருங்க" என்று தடுத்துவிட்டு, அந்தப் பெரியவரும் அவர் மருமகனும் மூச்சு வாங்க, முதுகு வளைய, ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து போர்ட்டிகோவில் வைத்தார்கள். பொருள்மேல் எவ்வளவு அக்கறை என்று அப்போது நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

திரும்பும் வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். அவை பறித்துவைத்த பள்ளங்கள். தம்பி ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை நிறுத்தி, இறக்கி, ஏற்றி, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிவந்ததுபோல ஓட்டினான். பின்னால் வந்தவர்கள் எல்லாம் திட்டிவிட்டுப் போனார்கள். பெரம்பலூர் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது.

வீட்டில் மனைவிக்கு இந்தப் பெட்டிகளே பிடிக்கவில்லை. "இத வெக்கிறதுக்கு பீரோவத் தூக்கித் தெருவுலயா போடறது?" என்றாள். இருந்தாலும் மூவரும் சேர்ந்து இடம் பண்ணினோம். நடுவில் என் நாற்காலியைப் போட்டேன். தம்பிக்கு டீ கொடுத்தாள். எனக்குத் தெரிந்த பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

பாடகர் நடுவில் இல்லை. வலது பக்கம் ஒதுங்கி நின்றார். இடது பக்கம் கம்பளி போர்த்திக்கொண்டு முனகுகிற மாதிரி இருந்தது. எழுந்துபோய்க் காதை வைத்துப் பார்த்தேன். மேலே இருக்கிற, மெல்லிய ஓசைகளைக் கொடுக்கிற சின்ன ட்வீட்டரில் மூச்சே இல்லை. வாசற்படியில் நின்றவன் காதுக்கு வலது மட்டும்தான் எட்டியிருக்கிறது. இடது செத்துக் கிடந்தது தெரியவே இல்லை. கேட்டுப் பார்த்து வாங்குகிற பொருளைக் கேட்காமலே வாங்கி வந்திருக்கிறேன்.

மனைவி கெட்டிக்காரி. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "என்னங்க, ஒண்ணு பாடல?"

"ஒரு பக்கம் போயிருக்கு."

"வாங்கறப்போ உக்காந்து கேட்டுப் பாக்கலியா? ஊருக்கே காது உங்க காதுதான்னு சொல்லுவீங்க?"

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் நான் அந்த வாசற்படியையும், நிலையைப் பிடித்திருந்த என் கையையும் பார்த்தேன். அவளுக்குத் தெரியக் கூடாது. என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, எங்கேயும் யாருக்கும் கைகட்டி நிற்காத ஆள் என்று என்னைப் பற்றி அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானே சொல்லிச் சொல்லி நினைக்கவைத்தது.

"அங்க நல்லாத்தான் பாடுச்சு. நடுவுல உக்காந்துதான் கேட்டேன். வண்டியில வர்றப்பதான் எங்கியோ அடி வாங்கிருக்கும்" என்றேன்.

தம்பி டீ டம்ளரை வாயிலிருந்து எடுத்தான். என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, "ஆமாங்கண்ணி. ஒரு பள்ளத்துல தூக்கிப் போட்டுருச்சு. நான்தான் கவனிக்கல" என்றான்.

பாவம், நிஜமாகவே தன் தப்பு என்று நம்பிவிட்டான் என்று நினைத்தேன். எனக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வாயெல்லாம் கசக்கிறது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். மனைவி இதை அத்தோடு விடவில்லை. சொந்தத்தில் ஒவ்வொரு விசேஷத்திலும் அந்தப் பள்ளத்தின் கதை பேசப்பட்டது. "ஆசையா வாங்கினாரு, தம்பி ஒடச்சுக் கொண்டாந்துருச்சு" என்பாள். சொல்லச் சொல்லப் பள்ளம் பெரிதாகிக்கொண்டே போனது. என் தங்கை புதுவீட்டுக்குக் குடிபோனபோது, "கண்ணாடி பீரோ இருக்கு, அந்த வண்டி வேணாம்" என்று வேறு வண்டி வைத்தார்கள். வண்டியைத் தவிர அவனுக்கு வேறு பிழைப்பு கிடையாது. அன்று அவன் வெறுங்கையோடு வந்து சாமான் தூக்கினான். யாரோ, "டேய், அந்தக் கண்ணாடிய மட்டும் நீ தொடாத" என்று கேலி செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

குழுவில் வேறு, ஒரு மாதம் ஆயிற்றே, அனுபவம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ட்வீட்டர் போனதை எழுதினால், வாங்கும்போது எங்கே உட்கார்ந்து கேட்டீர்கள் என்றுதான் அடுத்த கேள்வி வரும். அதனால் நானும் எழுதினேன். மேடை அகலமாக விரிகிறது, பாடகர் நட்டநடுவில் நிற்கிறார், கண்ணை மூடினால் கைக்கு எட்டுகிற தூரம் என்று. பல் டாக்டர் பாராட்டினார். பெரியவர் ஒரு கும்பிடு போட்டு, "நல்ல கைகளில் சேர்ந்தது மகிழ்ச்சி" என்று எழுதினார்.

பிறகு ஒருநாள் தம்பி வந்தான். "அண்ணே, அந்தக் கெட்டுப்போனத மட்டும் குடு. திருச்சியில ஒரு மெக்கானிக் இருக்காராம், காட்டிட்டு வரேன்" என்றான். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. அதே மெத்தை, அதே தலையணையோடு ஏற்றிக்கொண்டு போனான்.

நாலு நாள் கழித்துக் கொண்டுவந்தான். மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ஸ்பீக்கரை இருந்த இடத்திலேயே வைத்து, ஒயரை மாட்டி, பாட்டைப் போட்டான். பாடகர் வந்து நடுவில் நின்றார். சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டது. எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை, நிறுத்தச் சொன்னேன்.

"மெக்கானிக்கு என்ன சொன்னாரு?"

"இது வண்டியில போனது இல்லியாம்ணே. போயி வருஷக்கணக்காச்சாம். ஒயரக் கழட்டி டேப்பு சுத்தி வெச்சிருக்காங்க. டேப்பே காஞ்சி போயிக் கெடந்துச்சு."

"அடப்பாவி! தெரிஞ்சே தலையில கட்டிட்டானா அந்த ஆளு!" என்று கத்தினேன். எனக்கே என் குரல் பொய்யாகக் கேட்டது. தம்பி என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"வண்டியில ஒண்ணும் ஆகலன்னு அன்னைக்கே நீ சொல்லிருக்கலாமில்லடா?"

"சொன்னா அண்ணி உன்னைய விடுவாங்களா? அப்ப எப்படிப் போச்சு, எப்படிக் கேட்டீங்கன்னு தோண்டுவாங்க." தலையணையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். "வண்டி வாசலுக்கு நேராத்தானண்ணே நின்னுச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மூணு பாட்டுக்கும் நீ அந்தப் படியத் தாண்டல. அத எப்படி அண்ணிகிட்ட சொல்றது?"

அவன் எழுந்து மெத்தையைச் சுருட்டினான்.

"இப்பவும் ஒண்ணும் சொல்லிக்க வேணாம். ரிப்பேர் பண்ணியாச்சுன்னு மட்டும் சொல்லு. வண்டியிலயே போனதா இருந்துட்டுப் போவட்டும்" என்றான்.

நான் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "சரிடா" என்றேன்.