எண்பத்து நான்கு வீடுகள்

கோபம் வந்தால் சுஜாதாவுக்குக் குரல் தாழ்ந்துவிடும். ஊரப்பாக்கத்தில் அவளோடு இருபது வருடம் குடித்தனம் நடத்திய கணவன் சுதாகருக்கு அது தெரியும். சிறுசேரி அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

அவள் ஒரு தனியார் நிறுவனத்தில் சர்வேயர். நாடு முழுக்கப் பதிக்கப்போகும் ஹைட்ரஜன் குழாய்க்காக, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையோரம் பதினாறு நாள் வெயிலில் நடந்து அளந்தாள். ஒரு மீனவக் குப்பத்தில் மட்டும் குழாய்ப் பாதையை ஒட்டி எண்பத்து நான்கு வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் நின்று பதிவு செய்தாள். மீன் விற்கும் கன்னியம்மா மோர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னா கேஸும்மா அது? நாத்தம் வந்தா ஓடிப்பூடலாமா?"

"அதுக்கு வாசனையே கிடையாதுக்கா. பத்திக்கிட்டா பகல்ல நெருப்புகூட சரியா கண்ணுக்குத் தெரியாது. வீடு இருக்கிற எடத்துல கனமான குழாய் போடணும், இல்ல பாதையத் தள்ளி வைக்கணும். அப்படித்தான் எழுதிட்டுப் போறேன்."

இரண்டு மாதம் கழித்து இறுதி வரைபடம் வந்தது. குப்பம் இருந்த இடத்தில் 'ஆளில்லா மணற்பரப்பு' என்றிருந்தது. கீழே, 'கள அளவை: சுஜாதா'. ஏதோ தவறு என்று நினைத்து மேலாளர் ஜெயகிருஷ்ணனிடம் ஓடினாள்.

"தப்பு இல்லம்மா. வீடுன்னு காட்டினா எல்லாத்தையும் மறுபடி வரையணும், தேதி தள்ளிப்போகும். பட்டா இல்லாத குடிசைங்கதானே?"

"பட்டா இல்லன்னா மூச்சு விடமாட்டாங்களா சார்?"

"அளக்கிறதுதான் உங்க வேலை. அது முடிஞ்சிடுச்சு."

பொய்யைச் சொன்னதோடு, அதை அவள் பேரிலேயே சொல்லியிருந்தார்கள். அன்றே களக் குறிப்பேட்டைத் தேடி எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. "இந்தப் பாதையில் குடியிருப்புகள் எதுவும் இல்லை" என்று ஜெயகிருஷ்ணன் மேடையில் வாசித்தார். கன்னியம்மா எழுந்துவிட்டாள்.

"அப்ப நாங்கல்லாம் இன்னா, நண்டா? தோ குந்திகினு கீதே அந்தம்மா, வூடு வூடா வந்து எழுதிக்கினு போச்சு. அத்தக் கேளு!"

எல்லோரும் திரும்பினார்கள். சுஜாதா தன் களக் குறிப்பேட்டுடன் மைக்கிடம் போனாள். குரல் தாழ்ந்துவிட்டிருந்தது.

"முதல் வீடு, அப்பாசாமி. அஞ்சு பேர். குழாயிலிருந்து ஒன்பது மீட்டர். ரெண்டாவது வீடு..."

பத்து வீடு தாண்டியதும் ஜெயகிருஷ்ணன் குறுக்கிட்டார். "போதும்மா, புரிஞ்சுது."

"இன்னும் எழுபத்து நாலு வீடு இருக்கு சார். உக்காருங்க."

எண்பத்து நான்கையும் வாசித்து முடித்த பிறகுதான் இறங்கினாள். அன்று மாலையே வேலை போனது. கூட்டத்தை நடத்திய மாவட்ட அதிகாரி மறு அளவைக்கு உத்தரவிட்டார். ஆறு மாதத்தில் பாதை குப்பத்தை விட்டு மேற்கே நகர்ந்தது. ஜெயகிருஷ்ணனை வேறொரு மாவட்டத்தின் பாதைக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள்.

அதைக் கேள்விப்பட்ட அன்றே சுஜாதா அந்த மாவட்ட வரைபடத்தைக் கேட்டுத் தகவல் உரிமை மனு போட்டாள். பதில் இல்லை. இப்போது மூன்றாவது மனு போயிருக்கிறது.